நாற்பது காலன் தண்ணீரோடு மேற்கு மாநிலங்களில்

பிள்ளைகள் இருவரும் படிப்பை முடித்துத் தனித்தனி ஊர்களில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களை மோட்டார் ஹோமில் சுற்றிவர வேண்டும் என்ற எங்கள் பழைய ஆசைக்குக் காலம் கூடிவந்தது. எந்த வழியாகப் போவது என்பதை என் கணவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் இத்தனை ஆண்டுகளாகக் குடித்துவரும் தண்ணீர் வரும் பாதையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போவது, பிறகு நெவாடாவையும் யூட்டாவையும் குறுக்கே கடந்து, கொலராடோ ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்பதே அவருடைய திட்டம். பெயர்பெற்ற தேசியப் பூங்காக்களை வரிசையாகப் பார்த்து முடிப்பதைவிட இது எனக்கும் பிடித்திருந்தது. செப்டம்பரில் புறப்பட்டோம். பாலைவன வெயில் அப்போது தணியத் தொடங்கியிருக்கும். மலைச்சாலைகளில் பனி விழ இன்னும் நாள் இருக்கும்.

வாடகைக்கு எடுத்த வண்டி 25 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்கும் வகை. உள்ளே கேஸ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, ஒருவர் நின்று திரும்பும் அளவுக்கு ஒரு குளியலறை, பின்புறத்தில் கட்டில். ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு முதல் பத்து மைல் ஓடும். இவற்றையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எடுத்தோம். ஆனால் சாலையில் இறங்கிய பிறகு எங்கள் பொழுதை நடத்தியவை வண்டியின் அடிவயிற்றில் இருந்த மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, ஏறத்தாழ 40 காலன், அதாவது 150 லிட்டர் பிடிக்கும். சிங்கிலும் குளியலறையிலும் இறங்கும் கழுவுநீருக்கு இன்னொன்று. கழிவறைக்கு மூன்றாவது. கதவருகே இருந்த சிறிய பலகையில் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு தொட்டியும் காலியா, மூன்றில் ஒரு பங்கா, இரண்டு பங்கா, நிறைந்துவிட்டதா என்பதைச் சிறு விளக்குகள் காட்டும்.

மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றையும் வண்டியோடு இணைத்துக்கொள்ளும் வசதியுள்ள தனியார் பூங்காக்களில் இரவு தங்கினால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் தங்க விரும்பியவை அப்படிப்பட்ட இடங்கள் அல்ல. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் கையில் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில்தான். அதில் பல இடங்களில் 14 நாட்கள் வரை கட்டணமில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்கலாம். அங்கே குழாய் இருக்காது, விளக்கு இருக்காது, குப்பைத் தொட்டிகூட இருக்காது. கொண்டுபோன தண்ணீரை வைத்துக்கொண்டு சமைத்து, குளித்து, கழுவி, கழிவைக் கீழே ஒரு சொட்டும் விடாமல் சுமந்து சென்று, டம்ப் ஸ்டேஷன் எனப்படும் கழிவு இறக்கும் இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அது முழுதும் வடிந்த பின் கழுவுநீரைத் திறந்தால், அந்தத் தண்ணீரே குழாயை அலசிவிடும். என் கணவர் கையுறை மாட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல், இதை மிகுந்த கவனத்தோடு செய்வார்.

உள்ளே தண்ணீரைக் கட்டுப்படுத்துவது என் பொறுப்பு. நான் சென்னையில் கைப்பம்பும் லாரித் தண்ணீருமாக வளர்ந்தவள். கைக்கு அந்தச் சிக்கனம் பழகியிருந்தது. குழாயைத் திறந்ததும் பம்பு உறுமும். அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதுதான் அளவு. உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, மறுபடி திறந்து அலசினால் இரண்டு காலனில் ஒரு குளியல் முடியும். குக்கரில் அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கும் மேலே ஒரு கிண்ணத்தில் காய் என்று ஒரே தண்ணீரில் மூன்றையும் வேகவைத்தேன். அரிசி களைந்த நீரில் காய்கறி கழுவி, அந்த நீரை ஒரு வாளியில் சேர்த்துக் கழிவறைக்கு வைத்துக்கொண்டோம். தட்டுகளை முதலில் காகிதத்தால் வழித்துவிட்டால் கழுவ ஒரு குவளை நீர் போதும். இப்படி நடந்துகொண்டால் நாற்பது காலன் இருவருக்கு நான்கு நாள் தாராளமாக வரும்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே 395-ஆம் நெடுஞ்சாலையில் சில மணி நேரம் ஓட்டினால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. மேற்கே சியெர்ரா நெவாடா மலைத்தொடர் சுவராக எழுந்து நிற்கிறது. லோன் பைன் என்ற சிற்றூரிலிருந்து பார்த்தால் 14,505 அடி உயரமுள்ள விட்னி சிகரம் தெரியும். அந்த மலைகளின் பனி உருகி ஓவன்ஸ் ஆறாக ஓடி, ஓவன்ஸ் ஏரியில் போய் நின்றது. வெள்ளையர் வருவதற்கு முன்பே பையூட் பழங்குடியினர் இங்கே கால்வாய் வெட்டிப் பாசனம் செய்தார்கள். 1913 நவம்பர் 5 அன்று, நகரின் நீர்த்துறைத் தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலந்தின் பொறியியலில் 233 மைல் நீளமுள்ள கால்வாய் திறக்கப்பட்டு, ஒரு பம்பின் உதவியும் இல்லாமல், சரிவின் பலத்தால் மட்டுமே இந்த ஆறு லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பியது. திறப்பு விழாவில் அவர் பேசியது இவ்வளவுதான்: "அதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

நகரம் எடுத்துக்கொண்டது. 1920-களின் நடுவிலேயே ஏரி வற்றிவிட்டது. 1924-இல் கொதித்துப்போன விவசாயிகள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். மதகுகளைக் கைப்பற்றிச் சில நாட்கள் தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திருப்பிவிட்டார்கள். ஆயினும் நிலத்தையும் நீர் உரிமையையும் நகரமே ஒவ்வொன்றாக வாங்கி முடித்தது. வற்றிய ஏரிப்படுகையிலிருந்து காற்றில் எழுந்த உப்புத் தூசி பல பத்தாண்டுகளுக்குச் சுற்றுவட்டார மக்களின் நுரையீரலில் இறங்கியது. நீதிமன்றமும் சட்டமும் நெருக்கிய பிறகு, தூசியை அடக்குவதற்காக நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. படுகையின் ஒரு பகுதியில் சரளைக் கல் பரப்பியிருக்கிறார்கள். ஒரு பகுதியில் கணுக்காலளவு தண்ணீர் நிறுத்துகிறார்கள். அந்த ஆழமில்லாத நீருக்குப் பறவைகள் திரும்பி வந்துவிட்டன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீண்ட மெல்லிய கால்களுடன் சிறு பறவைகள் ஓரத்துச் சேற்றைக் கொத்திக்கொண்டே நடந்தன. 2006-இல் பழைய ஆற்றின் 62 மைல் நீளத்துக்கும் மறுபடி ஓரளவு நீர் விடப்பட்டது. எடுத்ததோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனாலும் கேட்டுப் போராடியவர்கள் பெற்ற நீர் அது, அதனால் எனக்குப் பெரிதாகவே பட்டது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மன்சனார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்த முகாம் இது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அதற்கு முன் இவ்விடம் ஆப்பிளும் பேரியும் விளைந்த ஊர். நீருக்காக நிலத்தை நகரம் வாங்கிவிட, தோப்புகள் கைவிடப்பட்டு ஊர் காலியானது. முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் பட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய மரங்களுக்கு நீர் பாய்ச்சி மீண்டும் காய்க்க வைத்தார்கள். உணவுக்கூடங்களின் வாசலில் வரிசையில் நிற்போர் பார்த்து இளைப்பாறுவதற்காகக் கல்லடுக்கிக் குளங்களும் தோட்டங்களும் அமைத்தார்கள். மண் மூடிக் கிடந்த அந்தக் குளங்களைத் தேசியப் பூங்காத் துறை தோண்டியெடுத்திருக்கிறது. இப்போது அவற்றில் நீர் இல்லை. கற்கள் மட்டும் அடுக்கியபடியே இருக்கின்றன. அந்தப் பகல் முழுவதும் நாங்கள் அங்கேயே இருந்தோம். இப்பயணத்தில் ஒரே ஓரிடம் பார்க்க நேரமிருப்பவருக்கு எதைச் சொல்வேன் என்று கேட்டால், கிராண்ட் கேன்யனுக்கு முன்னால் மன்சனாரைச் சொல்வேன்.

அதே சாலையில் இன்னும் வடக்கே உள்ள மோனோ ஏரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941-இல் அதன் ஓடைகளையும் லாஸ் ஏஞ்சலிஸ் திருப்பியது. நாற்பது ஆண்டுகளில் ஏரி சுமார் 45 அடி இறங்கி, உப்பு இருமடங்கானது. நீருக்கடியில் வளர்ந்த சுண்ணாம்புத் தூண்கள் இன்று கரையில் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்பது அதனால்தான். 1978-இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய மோனோ ஏரிக் குழு வழக்குத் தொடுத்தது. பொதுமக்களின் சொத்தான நீர்நிலைகளைக் காப்பது அரசின் கடமை என்று 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடல் மட்டத்திலிருந்து 6,392 அடி வரை ஏரி உயர வேண்டும் என்று 1994-இல் ஆணை பிறந்தது. அந்த அளவை ஏரி இன்னும் எட்டவில்லை. ஆனால் அது செத்துப்போகவும் இல்லை. குனிந்து பார்த்தால் உப்பு இறால்கள் நகக்கண் அளவில் துள்ளிக்கொண்டிருக்கின்றன.

பிறகு கிழக்கே திரும்பி, 6-ஆம் நெடுஞ்சாலையில் நெவாடாவுக்குள் புகுந்தோம். டோனோபா என்ற சுரங்க ஊரில் பெட்ரோலையும் தண்ணீரையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த ஊரான ஈலி வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் நிலையமும் கிடையாது. ஒரு மலைத்தொடர் ஏறுகிறோம், அகன்ற பள்ளத்தாக்கில் இறங்குகிறோம், எதிரே அடுத்த மலைத்தொடர். நாள் முழுதும் இதுதான். இந்தப் பெரும்படுகையில் விழும் மழை எந்த ஆற்றின் வழியாகவும் கடலுக்குப் போவதில்லை. மண்ணில் இறங்கும், உப்புத் தரையில் நின்று ஆவியாகும். பல மைல்களுக்கு எதிர்வண்டி இல்லாத அந்தச் சாலையில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் இவ்வளவு நீண்ட மௌனம் இத்தனை இதமாக இருந்ததாக நினைவில்லை.

யூட்டா எல்லைக்கு அருகே உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், 24 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளை வீலர் சிகரச் சாலையின் மேல்பகுதிக்கு விடுவதில்லை. எங்கள் வண்டி ஓரடி கூடுதல். பக்கத்து இடத்தில் தங்கியிருந்த முதிய தம்பதியர், வீட்டை விற்றுவிட்டு ஆண்டுக்கணக்கில் டிரெய்லரிலேயே வாழ்பவர்கள், அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தங்கள் பிக்கப் வண்டியில் எங்களையும் மேலே அழைத்துப் போனார்கள். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க நடந்தால் பிரிசில்கோன் பைன் மரங்கள். கல்லும் குளிரும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லாத சரிவில், பெரும்பகுதி பட்டுப்போன அடிமரத்தில் கையகலப் பட்டை மட்டும் உயிரோடு ஓடி, உச்சியில் ஒரு கிளையைப் பச்சையாக வைத்திருக்கிறது. ஊசியிலைகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உதிர்வதில்லை. வளர்ச்சி அவ்வளவு மெதுவாக இருப்பதால்தான் மரம் இறுகி, பூச்சிக்கும் அழுகலுக்கும் இடம் கொடுப்பதில்லை. 1964-இல் இங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர் வனத்துறையின் அனுமதியோடு வெட்டிய மரத்தில் 4,800-க்கும் மேற்பட்ட ஆண்டு வளையங்கள் இருந்தன. அதன் அடிக்கட்டை இன்றும் அங்கே இருப்பதாகச் சொன்னார்கள். தேடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கீழே இறங்கிய பின் அந்த அம்மாள் பாத்திரம் கழுவும் தன் முறையைக் காட்டினார். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் சிறிது வினிகரும். தட்டின் மேல் நான்கு முறை தெளித்து, துணியால் துடைத்தால் முடிந்தது. என் சிக்கனமெல்லாம் அவர் முன்னால் ஊதாரித்தனம். பேச்சு இயல்பாகவே தண்ணீருக்கு வந்தது. இந்தப் பள்ளத்தாக்குகளின் நிலத்தடி நீரைப் பல நூறு கிலோமீட்டர் குழாய் போட்டு லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோக 1989-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பண்ணைக்காரர்கள், கோஷூட், ஷோஷோனி பழங்குடியினர், சூழலியலாளர்கள் என்று ஒருவரோடொருவர் அவ்வளவாக ஒத்துப்போகாதவர்கள் ஒன்றுசேர்ந்து முப்பது ஆண்டுகள் எதிர்த்தார்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு நேர்ந்ததை அவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். 2020-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஓவன்ஸ் வழியாக வந்த எங்களுக்கு, அந்த வெற்றியின் எடை அங்கேயே புரிந்தது.

யூட்டாவில் எங்கள் மனத்தில் நின்றது கேப்பிடல் ரீஃப் பூங்காவுக்குள் இருக்கும் ஃப்ரூட்டா. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃப்ரீமான்ட் ஆற்றங்கரையில் 1880-களில் மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் வந்து குடியேறிப் பழத்தோப்புகள் வைத்தன. குடும்பங்கள் போய்விட்டன, தோப்புகளைப் பூங்காத் துறை இன்றும் பராமரிக்கிறது, இன்றும் வாய்க்கால் பாசனத்தில். காலையில் ஒரு பெண் ஊழியர் மண்வெட்டியோடு வந்து மடையைத் திறந்தார். தண்ணீர் கலங்கலாகப் புகுந்து, சருகுகளைத் தள்ளிக்கொண்டு, மரத்தடிக்கு மரத்தடி தயங்கித் தயங்கிப் பரவியது. ஓரிடத்தில் கரை உடைந்து நீர் பாதைக்கு ஓடவே, அவர் இரண்டு வெட்டு மண் போட்டுக் காலால் மிதித்து அடைத்தார். என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர். கைகட்டி நின்று பார்த்தவர், கடைசியில் அந்தப் பெண்ணிடம் போய், எந்த மடைக்கு எப்போது முறை வருகிறது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரும் வேலையை நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆப்பிள் பழுத்திருந்த காலம். தோப்பில் ஏணியும் பறிக்கும் கோலும் தராசும் வைத்திருக்கிறார்கள். நாமே பறித்து, எடைபோட்டு, பணத்தைப் பெட்டியில் செலுத்திவிட்டு வரலாம். அந்தப் புளிப்பு ஆப்பிள்களை நறுக்கி மிளகாய்த்தூளும் பெருங்காயமும் போட்டு நான் செய்த ஊறுகாய், ஊர் திரும்பும்வரை தயிர்சாதத்துக்குத் துணையாக வந்தது.

அடுத்து 12-ஆம் சாலை. இருபுறமும் பள்ளம் விழும் பாறை முதுகின் மேல் ஓடும் அந்தப் பகுதியில் நான் வெளியே பார்க்கவில்லை. பிரைஸ் கேன்யனின் கல்தூண்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சையான் தேசியப் பூங்காவின் கிழக்குச் சுரங்கப்பாதை 1930-இல் திறக்கப்பட்டது. எங்கள் வண்டி போன்ற உயரமானவை எதிரெதிராகக் கடக்க அதில் இடமில்லை. எனவே சையானைத் தவிர்த்துவிட்டு, கனாப் வழியாக அரிசோனாவின் பேஜ் நகருக்கு இறங்கினோம்.

பேஜ் நகரின் ஓரத்தில் கிளென் கேன்யன் அணை. 1963-இல் மதகுகளை மூடிக் கொலராடோ ஆற்றைத் தேக்கினார்கள். பவல் ஏரி முதன்முதலாக நிரம்ப 1980 ஆனது. இன்று ஏரியைச் சுற்றிச் செம்பாறையில் வெள்ளைப் பட்டை ஒன்று ஓடுகிறது. முன்பு நீர் நின்ற உயரத்தில் படிந்த உப்புகளின் தடம் அது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து கீழே சென்ற படகு, அந்தப் பட்டையின் உயரத்துக்கு முன்னால் ஒரு விரல் நுனி அளவுதான் தெரிந்தது.

அன்று மாலை தொட்டியை நிரப்புவதற்காகக் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர், பிக்கப் வண்டியில் கட்டியிருந்த ஆயிரம் லிட்டர் வெள்ளைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். நேரமாகும் என்று வருத்தம் தெரிவித்தார். அவசரமில்லை என்றோம். வீட்டுக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றும், மகள், பேரப்பிள்ளைகள், சில ஆடுகள் எல்லாருக்கும் இதுதான் என்றும், வாரத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். நாற்பது காலன் என்றதும், நன்றாகத்தான் சமாளிக்கிறீர்கள் என்று தலையசைத்தார். நவஹோ நிலத்தில் ஏராளமான வீடுகளில் இன்றும் குழாய் நீர் இல்லை. ஆறு அவர்களுடைய எல்லையை ஒட்டியே ஓடுகிறது. அமெரிக்க அரசோடு 1868-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவர்களுக்கு நீரைப் பெற்றுத்தர மத்திய அரசு நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சில நாட்களுக்கு நாங்கள் விரும்பி ஏற்ற சிக்கனம், அந்தப் பெரியவருக்கு வாழ்நாள் முழுவதும் சுமத்தப்பட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்று அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியாகத் தங்கியது லீஸ் ஃபெர்ரியில். மலை இடுக்குகளில் ஓடும் கொலராடோ, சாலையில் வருபவருக்கு இறங்கித் தொடக் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. மண்ணெல்லாம் அணைக்குப் பின்னால் தங்கிவிடுவதால் நீர் பச்சையாகத் தெளிந்து ஓடுகிறது. ஆழத்திலிருந்து வருவதால் கால் வைத்த சில நொடிகளில் எலும்பு குளிர்கிறது. 1922-இல் ஏழு மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆற்றை மேல், கீழ் என்று பிரித்தது இவ்விடத்தில்தான். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரை ஏக்கர்-அடி என்கிறார்கள். மேலே 75 லட்சம், கீழே 75 லட்சம் ஏக்கர்-அடி என்று பங்கு போட்டார்கள். கணக்குக்கு எடுத்துக்கொண்டவை வழக்கத்தைவிட மழை மிகுந்த ஆண்டுகள். 1944-இல் மெக்சிகோவுக்கும் 15 லட்சம் எழுதிக் கொடுத்தார்கள். பழங்குடி மக்களை அந்த மேசைக்கு யாரும் அழைக்கவில்லை. சுமார் நான்கு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு இது. பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ள 2007-இல் வகுத்த விதிகளின் காலம் 2026-உடன் முடிகிறது. புதிய விதிகள் எப்படி அமைந்தாலும், பங்கு கேட்கும் முதல் உரிமை பேஜ் நகரில் நாங்கள் பார்த்த அந்த வெள்ளைத் தொட்டிக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வரும் தண்ணீரில் ஒரு பகுதி இந்தக் கொலராடோவிலிருந்தும் வருகிறது. பார்க்கர் அணைக்குப் பின்னால் உள்ள ஹவாசு ஏரியிலிருந்து பம்புகளால் மலைமேல் ஏற்றி, பாலைவனத்தைக் கடந்து 242 மைல் கொண்டுவருகிறார்கள். வரும் பிப்ரவரியில், பாலைவனம் குளிர்ந்திருக்கும்போது, அதே அளவு வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கால்வாயின் ஓரமாகப் போவதாக இருக்கிறோம். என் கணவர் வரைபடத்தில் பம்பு நிலையங்களுக்குக் குறியிடத் தொடங்கிவிட்டார்.